குழாய்வழி வால்வு பொருத்தல்: 'மாற்று' என்ற சொல் ஏன் வேண்டாம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாயிலில் இருக்கும் வால்வு கெட்டுப்போனால், மார்பைத் திறக்காமல் ஒரு குழாய் வழியாகப் புது வால்வை உள்ளே வைக்கும் சிகிச்சைக்கு டாவி (TAVI) என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளையெல்லாம் படித்தேன். 'பெருந்தமனி அடைப்பிதழ் மாற்று சிகிச்சை', 'வடிகுழாய்வழி வால்வு மாற்றம்', 'தமனிவழித் தடுக்கிதழ்ப் பதியம்' ஆகிய மூன்றும் முன்னால் நிற்கின்றன. என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'குழாய்வழி வால்வு பொருத்தல்'. எந்த வால்வு என்று குறிப்பிட வேண்டிய இடத்தில் 'குழாய்வழிப் பெருந்தமனி வால்வு பொருத்தல்'.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இந்தச் சொல் அகராதியோடு நிற்கப்போவதில்லை. சிகிச்சைக்கு முன் நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்திலும் வரப்போகிறது. எழுபது, எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, தன் உடம்புக்குள் என்ன நடக்கப்போகிறது என்று சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த அளவுகோலை வைத்துத்தான் எல்லாச் சொற்களையும் பார்க்கிறேன்.

> 'வால்வு மாற்று அறுவை சிகிச்சை' எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே. அதற்கு முன்னால் 'குழாய்வழி' என்று சேர்த்தால் போதாதா?

போதாது. நடப்பது என்ன என்று பாருங்கள். 1960 இல் அறுவை மருத்துவர்கள் டுவைட் ஹார்க்கனும் ஆல்பர்ட் ஸ்டாரும் இதயத்துக்குள் செயற்கை வால்வுகளை வைத்துக் காட்டியதிலிருந்து, திறந்த அறுவையின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. மார்பெலும்பைப் பிளந்து, ரத்த ஓட்டத்தை இதய நுரையீரல் இயந்திரத்துக்கு மாற்றி, இதயத்தை நிறுத்தி, கெட்டுப்போன வால்வை வெட்டி எடுத்து, படிந்திருக்கும் சுண்ணத்தை (கால்சியப் படிவை)ச் சுரண்டி, அந்த இடத்தில் புது வால்வைத் தைக்கிறார்கள். பழையது வெளியே, புதியது உள்ளே. இதற்கு 'மாற்று' என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தும்.

டாவியில் பழைய வால்வை யாரும் எடுப்பதில்லை. உலோக வலைச்சட்டத்துக்குள் தைத்த திசு வால்வை ஒரு மெல்லிய குழாயின் நுனியில் இறுக்கிச் சுருக்கி, பெரும்பாலும் தொடைத் தமனி வழியாக இதயம் வரை கொண்டுபோய், பழைய வால்வின் நடுவிலேயே விரித்துவிடுகிறார்கள். பழைய இதழ்கள் சுவரோடு சுவராக நசுங்கி அப்படியே இருக்கும். பழைய கதவைச் சுவரோடு ஒதுக்கித் தள்ளிவிட்டு, அதே நிலைக்குள் புதுக் கதவை முட்டுக்கொடுத்து நிறுத்துவது போலத்தான். தையல் கிடையாது. பழைய வால்வில் படிந்திருக்கும் சுண்ணமே புது வால்வு நழுவாமல் பிடித்துக்கொள்ள உதவுகிறது.

இது வெறும் சொல் நுணுக்கம் இல்லை. இந்தச் சிகிச்சைக்கே உரிய சிக்கல்களில் முக்கியமானவை பழைய வால்வு உள்ளேயே இருப்பதாலும், புதியது தையலில்லாமல் சுவரை அழுத்தி நிற்பதாலும்தான் வருகின்றன. சுண்ணக் கட்டி மேடும் பள்ளமுமாக இருந்தால் புது வால்வின் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விழுந்து ரத்தம் கசியும். வால்வுக்குச் சற்றுக் கீழேதான் இதயத்தின் மின் கடத்தும் பாதை ஓடுகிறது. சட்டம் அதை அழுத்தினால் துடிப்பு மந்தமாகி பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரலாம். பழைய இதழ் நீளமாக இருந்து, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் தமனிகளின் வாயை மறைத்துவிடும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் சிகிச்சைக்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். 'உங்கள் வால்வை மாற்றிவிடுவோம்' என்று மட்டும் கேட்ட நோயாளிக்கு இவற்றில் ஒன்றுமே விளங்காது. 'பழையதற்குள்ளே புதியதைப் பொருத்துவோம்' என்று சொல்லிவிட்டால், மற்றதெல்லாம் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

இன்னொன்று. தமிழில் 'இதய மாற்று', 'சிறுநீரக மாற்று' என்றால் இன்னொருவரின் உறுப்பைப் பெறுவது. 'வால்வு மாற்று' என்று படிப்பவர் யாரோ ஒருவர் தானமாகத் தந்த வால்வு என்று நினைப்பது இயல்புதான். டாவி வால்வின் இதழ்கள் மாட்டின் அல்லது பன்றியின் இதய உறையிலிருந்து செய்யப்படுபவை. சிலருக்கு மத நம்பிக்கையோ உணவுக் கொள்கையோ காரணமாக அது பெரிய விஷயம். அதை வெளிப்படையாகச் சொல்லிக் கேட்க வேண்டும். 'மாற்று' என்ற சொல் அந்தக் கேள்வியே எழாமல் செய்துவிடும்.

ஆங்கிலத்திலும் இந்தப் பிளவு இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் 'மாற்றுதல்' என்ற பொருள் தரும் டாவர், ஐரோப்பாவில் 'உட்பொருத்துதல்' என்ற பொருள் தரும் டாவி. நாம் இரண்டில் ஒன்றை மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

> வால்வு ஆங்கிலச் சொல். 'அடைப்பிதழ்' அழகாக இருக்கிறதே?

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதயத்தைப் பற்றிப் பேசும்போது 'அடைப்பு' என்ற சொல்லை நம் மக்கள் ஏற்கெனவே வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மாரடைப்பு, ரத்தக்குழாய் அடைப்பு, 'அவருக்கு மூணு இடத்துல அடைப்பு'. 'அடைப்பிதழ்ச் சிகிச்சை' என்றால் ஸ்டென்ட் வைக்கப்போகிறார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இரண்டும் வேறு வேறு நோய் என்பதையே விளக்க வேண்டியிருக்கும் இடத்தில் இந்தக் குழப்பத்தை நாமே உண்டாக்கக் கூடாது.

'தடுக்கிதழ்' பரவாயில்லை. ஆனாலும் ஒரு வால்வுக்குள் இரண்டோ மூன்றோ மடல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 'இதழ்' தவிர வேறு நல்ல சொல் நமக்கு இல்லை. முழு வால்வுக்கும் இதழ் என்று பெயர் வைத்துவிட்டால், 'தடுக்கிதழின் மூன்று இதழ்களில் ஒன்று' என்று எழுத வேண்டிவரும். வால்வு முழுமைக்கு, இதழ் அதன் பகுதிக்கு என்று வைத்துக்கொள்வது சுத்தமான பிரிவு. வால்வு என்ற சொல் பாடநூல்களிலும் பேச்சிலும் வேரூன்றியது. அதை விடக் காரணம் இல்லை.

அப்புறம், 'வழி'. 'தமனிவழி' என்பதை முழுமையாக மறுக்கிறேன். 2002 ஏப்ரல் 16 அன்று பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதன்முதலாக ஒரு மனிதருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார். நோயாளிக்கு 57 வயது, அறுவை செய்ய முடியாத நிலை, கால் தமனிகளும் பயன்படுத்தும்படி இல்லை. அதனால் கிரிபியே தொடையின் சிரை வழியாகப் போய், இதயத்தின் நடுச்சுவரைத் துளைத்து, இடப்பக்கம் வந்து வால்வை வைத்தார். முதல் சிகிச்சைக்கே பொருந்தாத சொல் எப்படிப் பொதுப்பெயராகும்? இதே காரணத்தால் 'தொடைவழி'யும் சரிவராது. தோள்பட்டைக்குக் கீழுள்ள தமனி, கழுத்துத் தமனி, சில சமயம் மார்பில் சிறு வெட்டுப்போட்டு இதயத்தின் நுனி என்று பல வழிகளில் போகிறார்கள்.

'வடிகுழாய்' சிறுநீரை வடிக்கும் குழாய்க்குப் பொருத்தமான பெயர். வடிப்பதற்கான குழாய் அது. இங்கே குழாய் ஒரு பொருளைச் சுமந்துகொண்டு உள்ளே போகிறது. 'குழாய்வழி' என்று பொதுவாகச் சொன்னால், 'ரத்தக்குழாயா, செலுத்தும் குழாயா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். எப்படி எடுத்துக்கொண்டாலும் பொருள் கெடவில்லை என்பதுதான் அதன் பலம். 2000 இல் மருத்துவர் பிலிப் போன்ஹோஃபர் 12 வயதுச் சிறுவனுக்கு நுரையீரல் தமனிப் பக்கம் வைத்த வால்வையும் இது தழுவும், கிரிபியே செய்ததையும் தழுவும், இன்று வலப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மூவிதழ் வால்வுக்குச் செய்வதையும் தழுவும்.

> இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வுக்கு 'ஈரிதழ் வால்வு' என்று பாடநூலில் இருக்கும்போது நீங்கள் ஏன் மைட்ரல் என்றே எழுதுகிறீர்கள்?

இது நல்ல கேள்வி. டாவி பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. இயல்பான பெருந்தமனி வால்வுக்கு மூன்று இதழ்கள். மனிதர்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு அது இரண்டு இதழோடு அமைந்துவிடுகிறது. அப்படிப் பிறந்தவர்களுக்கு வால்வு சீக்கிரமே சுருங்கவும், பெருந்தமனியின் தொடக்கம் வீங்கவும் வாய்ப்பு உண்டு. வால்வின் வாய் வட்டமாக இல்லாமல் போவதால் டாவி செய்வதும் கடினம். ஆகவே அறிக்கையில் 'ஈரிதழ்' என்று படித்தால் அது எதைக் குறிக்கிறது? இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் எல்லாருக்கும் இருக்கும் இயல்பான வால்வையா, அல்லது பெருந்தமனி வால்வின் பிறவிக் குறையையா? 'மூவிதழ்' என்ற சொல்லிலும் இதே சங்கடம்: வலப்பக்க வால்வின் பெயரும் அதுதான், பெருந்தமனி வால்வின் இயல்பான நிலையும் அதுதான்.

பள்ளிப் பாடத்துக்கு ஈரிதழ், மூவிதழ் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே குழப்பம் வராது. மருத்துவ ஆவணங்களில் மைட்ரல் வால்வு என்றே எழுதி, ஈரிதழ் என்பதைப் பெருந்தமனி வால்வின் பிறவிக் குறைக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. மைட்ரல் என்பதும் ஓர் உருவகப் பெயர்தான். ஆயர்கள் அணியும் இரு முனைத் தொப்பியோடு ஒப்பிட்டு 16 ஆம் நூற்றாண்டில் வெசாலியஸ் சொன்னது. அந்தத் தொப்பிக்குத் தமிழ் தேடுவதில் பயனில்லை. மூவிதழுக்கு 'வலப்பக்க வால்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். நுரையீரல் தமனி வால்வும் வலப்பக்கம்தான் என்பதால் அது எனக்குத் திருப்தியாக இல்லை.

நோயின் பெயர்களில் அதிகம் தயங்க வேண்டாம். வால்வு சரியாகத் திறக்காவிட்டால் 'வால்வுச் சுருக்கம்', சரியாக மூடாவிட்டால் 'வால்வுக் கசிவு'. புது வால்வைச் சுற்றி வருவது 'ஓரக்கசிவு'. முன்பு வைத்த திசு வால்வு தேய்ந்தபின் அதற்குள் இன்னொன்றை வைப்பது 'வால்வுக்குள் வால்வு'. மைட்ரல் வால்வின் இரு இதழ்களையும் நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சாதனத்துக்கு 'இதழ்க்கவ்வி'. அறுவை மருத்துவர் ஒட்டாவியோ அல்ஃபியேரி 1991 இல் தையலால் செய்ததைத்தான் 2003 முதல் குழாய்வழி செய்கிறார்கள். அது பழுதுபார்த்தல், பொருத்தல் வகையில் அதைச் சேர்க்கக் கூடாது.

> இவ்வளவு துல்லியம் தேவையா? முடிவெடுப்பவர் மருத்துவர்தானே?

இதற்குத்தான் நான் அழுத்தமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். 2010 இல் வெளிவந்த பார்ட்னர் ஆய்வு, அறுவை செய்யவே முடியாத 358 பேரைப் பற்றியது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 50.7 சதவீதம் பேர் இறந்தார்கள். குழாய்வழி வால்வு பெற்றவர்களில் 30.7 சதவீதம். அந்த நோயாளிகளுக்கு வேறு வழியே இருக்கவில்லை. பெயர் என்னவாக இருந்தாலும் அவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

இன்று நிலைமை வேறு. அறுவையையும் எளிதாகத் தாங்கக்கூடியவர்களுக்கும் இது சமமான தேர்வு என்று 2019 இல் வந்த ஆய்வுகள் காட்டின. 2024 இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போய், கடுமையான சுருக்கம் இருந்தும் எந்த அறிகுறியும் இல்லாத 901 பேரை எடுத்துக்கொண்டது. காத்திருந்து கண்காணிக்கப்பட்டவர்களில் 45.3 சதவீதம் பேருக்கு இறப்போ, பக்கவாதமோ, திடீரென்று இதயக் கோளாறால் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையோ ஏற்பட்டது. உடனே வால்வு பொருத்திக்கொண்டவர்களில் அது 26.8 சதவீதம். வேறுபாட்டில் பெரும்பங்கு மருத்துவமனைச் சேர்க்கையால் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, இப்போது படிவம் நீட்டப்படுவது நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரிடமும்தான். அவருக்கு உண்மையான தேர்வு இருக்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல் 2020 இல், 65 வயதுக்குக் கீழே அறுவை, 80 க்கு மேலே குழாய்வழி, நடுவில் இருப்பவர்களுக்கு மருத்துவரும் நோயாளியும் கலந்து முடிவெடுப்பது என்றது. ஐரோப்பிய வழிகாட்டுதல் குழாய்வழிக்கான வயதை 75 இலிருந்து 2025 இல் 70 ஆக இறக்கியது. 66 வயதுக்காரர் ஒருவர் யோசிக்க வேண்டியது இதுதான்: இப்போது வைக்கும் திசு வால்வு பத்துப் பதினைந்து ஆண்டில் தேய்ந்தால் அடுத்து என்ன? இன்னொன்றை அதற்குள் வைக்க இடம் இருக்குமா? இல்லை, அப்போது மார்பைத் திறந்து பழைய சட்டத்தைப் பிய்த்து எடுக்க வேண்டுமா? அப்படி எடுப்பது முதல் அறுவையைவிடக் கடினமானது. 'மாற்று' என்ற சொல் அவருக்கு இந்தக் கேள்விகளைக் கொடுக்காது. 'பொருத்தல்' கொடுக்கும். இதயநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து உட்காரும் 'இதயக் குழு'விடம் அவர் போய்க் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

எனவே நம் கலைச்சொல் தொகுப்பில் 'குழாய்வழி வால்வு பொருத்தல்' என்பதை முதன்மைச் சொல்லாகவும், டாவி என்பதை வழக்குச் சொல்லாகவும் பதியலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். திறந்த அறுவைக்கு 'வால்வு மாற்று அறுவை' தொடரட்டும். பெருந்தமனி என்பதற்குப் பெருநாடி என்று எழுதும் நண்பர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். எழுதுபவர் ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. இந்த வால்வுகளில் பலூனை ஊதி விரிக்கும் வகை ஒன்று, உறையை விலக்கியதும் தானே விரியும் வகை இன்னொன்று. முன்னதன் சட்டம் கோபால்ட் குரோமியம், பின்னது நிட்டினால் என்ற உலோகக் கலவை. 'பலூன்விரி வால்வு', 'தன்விரி வால்வு' என்று இப்போதைக்கு எழுதுகிறேன். 'தன்விரி' காதுக்குக் கொஞ்சம் இடறுகிறது. இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.