எழுத்து ஒப்பந்தம் இல்லாத பழைய வாடகைதாரர்: சட்டப்படி காலி செய்ய வைக்க என்ன வழி?

கேள்வி (பெரம்பூர் வீட்டு உரிமையாளர்):

அப்பாவின் காலத்துக்குப் பிறகு எங்கள் பெரம்பூர் வீடு அம்மாவுக்கும் எனக்கும் உரிமையாகியிருக்கிறது. கீழ்த்தளத்தில் 2011 முதல் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. 2012-இல் அப்பா 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் ஒன்று எழுதினார். அதன் பிறகு அது புதுப்பிக்கப்படவில்லை. வாடகை மாதந்தோறும் ஒழுங்காக வருகிறது, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் முழங்கால் தேய்மானத்தால் அம்மாவால் இனி மாடிப்படி ஏற முடியாது. கீழ்வீடு எங்களுக்கே தேவைப்படுகிறது. இதைச் சொன்னால், 12 ஆண்டுகளுக்கு மேல் குடியிருப்பவரை யாரும் எழுப்ப முடியாது என்கிறார் வாடகைதாரர். உறவினர்களோ தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடு, காவல் நிலையத்தில் சொல்லி மிரட்டு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முறையான வழியைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1 (வழக்கறிஞர், சென்னை):

முதலில் அந்த 12 ஆண்டுக் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர். எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அந்த இருப்பு எதிரிடை அனுபவ உரிமையாக (உரிமையாளரின் அனுமதியின்றி நெடுங்காலம் அனுபவிப்பவர் கோரும் உரிமை) மாறாது. மாதந்தோறும் அவர் கொடுத்துவரும் வாடகையே அவர் வாடகைதாரர்தான் என்பதற்குச் சான்று.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக, தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 என்பது 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் (இதற்கென அரசு நியமித்த அலுவலர்) பதிவு செய்யப்படவும் வேண்டும். வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்கள் 21-ஆம் பிரிவில் உள்ளன: வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறான வகையில் பயன்படுத்துவது, இடித்துக் கட்டுவது, சொந்தத் தேவை ஆகியவை அவற்றுள் சில. ஆனால் உங்களுக்கு முக்கியமானது அந்தப் பட்டியலில் முதலாவதாக வரும் காரணம்தான். சட்டம் சொல்லும் எழுத்து ஒப்பந்தத்தை இரு தரப்பும் செய்துகொள்ளத் தவறியிருந்தால், அந்த ஒன்றையே காரணமாகக் காட்டி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். காலாவதியான 11 மாதத் தாளையும் வாய்மொழி வாடகையையும் வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறார்கள், சென்னை உயர் நீதிமன்றமும் இதை ஏற்றுத் தீர்ப்புகள் வழங்கியிருக்கிறது. அம்மாவின் உடல்நிலையை மனுவில் தாராளமாக எழுதுங்கள். ஆனால் பதிவான ஒப்பந்தம் இல்லாத நிலையில் வழக்கின் அடித்தளமாக அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வாடகையைத் தொடர விருப்பமில்லை என்பதையும், இன்ன தேதிக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் சொல்லி, நீங்களும் அம்மாவும் சேர்ந்தே பதிவு வசதியோடு கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), ஒப்புகையோடு, வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். அவர் வாங்க மறுத்துத் திரும்பி வந்தாலும் உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். அடுத்தது வாடகை நீதிமன்றம். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்ற நீதிபதிகளே அந்தப் பொறுப்பை வகிக்கிறார்கள். முன்பு பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் ஆர்.சி.ஓ.பி. என்று எண்ணிடப்பட்ட மனு இப்போது ஆர்.எல்.டி.ஓ.பி. என்று எண்ணிடப்படுகிறது. உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்த பிறகும் அவர் போகாவிட்டால், நிறைவேற்று மனு போட்டு நீதிமன்ற அமீனா மூலம்தான் வீட்டைக் கைப்பற்ற வேண்டும். நீங்களாகப் பூட்டை மாற்றக் கூடாது.

பதில் 2 (வாடகை வீட்டில் இருப்பவர், மதுரை):

மோட்டாரை நிறுத்தச் சொல்லும் உறவினர்களின் பேச்சை ஒருபோதும் கேட்காதீர்கள். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதி போன்றவற்றைத் தடுப்பதை இதே சட்டம் வெளிப்படையாக விலக்குகிறது. வாடகைதாரர் வாடகை அதிகார அமைப்பிடம் மனுக் கொடுத்தால் உடனே மீட்டுத்தரும்படி இடைக்கால உத்தரவு பெற முடியும். சாமான்களை வெளியே வைத்து வீட்டைப் பூட்டினாலோ, தனிவகைத் தீர்வழிச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து, வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், அவர் திரும்பக் குடியேற முடியும். எங்கள் தெருவில் ஓர் உரிமையாளர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். வாடகைதாரர் பள்ளிப் பிள்ளைகளோடு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருந்ததைப் படம் பிடித்து மனுவோடு இணைத்தார். அதுவரை நியாயமாகத் தெரிந்த உரிமையாளரின் கோரிக்கை அன்றோடு பழிவாங்கலாகத் தெரியத் தொடங்கிவிட்டது.

அந்தக் குடும்பமும் வேறு வீடு தேட வேண்டும், புதிய இடத்தில் முன்பணம் கட்ட வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அறிவிப்பு அனுப்பிய பிறகு அவர் தரும் வாடகையை வாங்கலாமா? வாங்கினால் வாடகையைத் தொடர ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார்கள்.

பதில் 3 (முன்னர் எழுதிய வழக்கறிஞர்):

ஒன்றும் சொல்லாமல் வாங்கினால் அப்படி ஒரு வாதம் எழலாம். ஆகவே, எங்கள் வழக்குரிமைக்குப் பாதகமின்றி இந்தத் தொகை பெற்றுக்கொள்ளப்படுகிறது என்று எழுதிய ரசீதைக் கொடுத்துவிட்டு வாங்குங்கள்; வங்கிக் கணக்கில் வந்தால் அதே வாசகத்தைக் கடிதமாக அனுப்பிவிடுங்கள். வாங்க மறுப்பதில் பயன் இல்லை, மறுத்தால் அதை முறைப்படி செலுத்தி வைப்பதற்கு வாடகைதாரருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

மதுரை நண்பர் கடைசியாகச் சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன். மனு தாக்கலான பிறகும் சமரசத்துக்கு இடம் உண்டு. பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடியும்வரை அவகாசம் கேட்டால் கொடுங்கள்; ஆனால் அதை மீண்டும் ஒரு முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல், காலி செய்யும் தேதி, முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும், மின்கட்டணப் பாக்கி யாருடையது என்பவற்றோடு இரு தரப்பும் கையொப்பமிட்ட கூட்டுக் குறிப்பாணையாக (joint memo) நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன்படியே உத்தரவு பெறுங்கள். பிறகு அவர் சொன்ன தேதியில் போகவில்லை என்றாலும் புதிதாக வழக்குப் போட வேண்டியிருக்காது, நேரே நிறைவேற்று மனுவுக்குப் போகலாம். சாவியை வாங்கும் நாளில் மீட்டர் அளவைக் குறித்து இருவரும் கையொப்பமிடுங்கள், முன்பணத்தை அப்போதே காசோலையாகக் கொடுத்துவிடுங்கள்.