மறு: பஃபர்புளோட்டுக்கு என்ன சொல்லலாம்?

> இடையக வீக்கம் என்றே வைத்துக்கொள்வோம். இடையகம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தானே.

வணக்கம் ஐயா,

பஃபர்புளோட் என்றால், சாதனத்தின் இடையகத்தில் (பஃபர், தரவு அனுப்பப்படும்வரை காத்திருக்கும் நினைவகம்) தரவு நெடுநேரம் வரிசையில் தேங்கி இணையம் தாமதமாவது. அதற்கு இடையகம் சரி. எனக்கு இடிப்பது வீக்கம்தான். 2010வாக்கில் கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் இந்தச் சிக்கலைக் கிளப்பியபோது, நினைவகம் மலிந்துவிட்டது என்று சாதனங்களில் அள்ளிக் கொட்டியவர்களைக் குட்ட அந்தப் பெயர் பொருந்தியது. வீட்டில் அவதிப்படுகிறவருக்கு அது எதையும் விளக்காது.

இங்கே பினாங்கில் எங்கள் இணைப்பு நொடிக்கு 300 மெகாபிட் இறக்கம், 50 மெகாபிட் ஏற்றம். தண்ணீர்மலையில் எடுத்த தைப்பூசக் காணொளியைத் தம்பி ஏற்றத் தொடங்கினால் போதும், அம்மாவின் வாட்ஸப் அழைப்பு விட்டுவிட்டுக் கேட்கும். பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரம்) 6 மில்லிநொடியிலிருந்து 170க்குத் தாவும். ஏற்றி முடித்தபின் வேகச் சோதனை போட்டால் எல்லாம் சுகம் என்று காட்டும்.

கணக்குப் பாருங்கள். மோடத்தில் 1 மெகாபைட் இடையகம் என்றால் 80 லட்சம் பிட். 300 மெகாபிட் வேகத்தில் 27 மில்லிநொடியில் வடிந்துவிடும். 50இல் 160 ஆகும். தொலைபேசிக் கம்பிவழி வந்த ஏடிஎஸ்எல் இணைப்புக் காலத்து 1 மெகாபிட் ஏற்றத்தில் 8 நொடி! இடையகம் அதே அளவுதான், வடியும் வேகம்தான் வேறு. அதனால் 'வரிசைத்தேக்கம்' என்கிறேன்.

அடுத்தது, தீர்வுக்கு 'முன்னுரிமை' என்று ஒருவர் எழுதியிருந்தார். எது முக்கியம் என்று நாமே பட்டியல் போடும் பழைய முறைக்கு அது பொருந்தும். எஃப்கியூ-கோடெல், கேக் என்ற வரிசை மேலாண்மை முறைகள் இரண்டும் பட்டியல் கேட்பதில்லை. வயலுக்குத் தண்ணீர் விடுவதுபோல ஒவ்வோர் ஓட்டத்துக்கும் (அழைப்பு, காணொளி போன்ற தனித்தனித் தரவுத்தொடர்) முறை வைத்து அனுப்புகின்றன. காத்திருப்பு 5 மில்லிநொடிக்கு மேல் தொடர்ந்து நின்றால் பொதியை (தரவுத் துண்டை)க் கைவிட்டுவிடும், அனுப்பும் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு 'முறைவரிசை' எப்படி?

ஒரு விஷயம். ரவுட்டரில் இதைப் போட்டால் மட்டும் போதாது, ஏற்றத்தையும் கொஞ்சம் குறைத்துக் கட்ட வேண்டும். நான் 45 வைத்தேன். 5 மெகாபிட் போச்சே என்று தம்பிக்கு வருத்தம். ஆனால் வரிசை மோடத்தில் போய் நிற்காமல் நம் கைக்கெட்டும் ரவுட்டரிலேயே நிற்க அதுதான் வழி. இப்போது காணொளி ஏறும்போதும் பிங் 15ஐத் தாண்டுவதில்லை.

'சமச்சீரற்ற இணைப்பு' (ஏற்றமும் இறக்கமும் வேறுவேறு வேகத்தில் இருப்பது) பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏறுவேகம், இறங்குவேகம் என்று இரண்டையும் தனித்தனியே சொல்லிவிட்டால் அந்த நீளச் சொல் எதற்கு? மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.