வெப்பநிலை மாற்றத்தைச் செல்சியசில் சொல்லும்போது 32-ஐக் கழிக்க வேண்டுமா?

கேள்வி

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள ஸ்பியர்ஃபிஷ் என்னும் ஊரில், 1943 ஜனவரி 22 காலையில், இரண்டே நிமிடங்களில் வெப்பநிலை 49 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்ந்ததாகப் படித்தேன். பள்ளியில் கற்ற சூத்திரப்படி 32-ஐக் கழித்து 5/9-ஆல் பெருக்கினால் 9.4 டிகிரி செல்சியஸ் வருகிறது. வேறோர் இடத்தில் 27 என்று போட்டிருக்கிறார்கள். எது சரி? காரணத்தையும் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

27 தான் சரி. அன்று வெப்பமானி மைனஸ் 4 ஃபாரன்ஹீட்டிலிருந்து 45-க்கு ஏறியது. இவ்விரண்டையும் தனித்தனியே மாற்றிப் பாருங்கள்: மைனஸ் 20 செல்சியஸ், 7.2 செல்சியஸ். இடைவெளி 27.2. நீர் உறையும் நிலையை ஃபாரன்ஹீட் அளவுகோல் 32 என்றும் செல்சியஸ் 0 என்றும் குறிப்பதால்தான், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையை மாற்றும்போது 32-ஐக் கழிக்கிறோம். தொடக்கம், முடிவு இரண்டிலும் அதே 32 இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கையில் அது அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது 5/9 மட்டுமே. நீரின் உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே ஃபாரன்ஹீட்டில் 180 பிரிவுகள், செல்சியசில் 100. அந்த விகிதமே இது.

மறுமொழி 2

அந்தத் திடீர் வெப்பத்துக்குக் காரணமான சினூக் காற்றிலேயே இதைச் சோதிக்கலாம். மலையிலிருந்து இறங்கும் உலர்ந்த காற்று, ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 5.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 3 டிகிரி செல்சியஸ், சூடாகிறது. இங்கே 32-ஐக் கழித்தால் மைனஸ் 14.8 வரும், சூடாகும் காற்று குளிர்வதாக ஆகிவிடும். புவி வெப்பமாதல் பற்றிய செய்திகளில் இது இன்னும் முக்கியம்: 2 டிகிரி செல்சியஸ் உயர்வு என்பது 3.6 ஃபாரன்ஹீட், 35.6 அன்று.

கேட்டவர்

தெளிவாகிவிட்டது, மிக்க நன்றி. 'ஒரு டிகிரிக்கு இவ்வளவு' என்று தரப்படும் அளவுகளுக்கும் 5/9-ஆல்தான் பெருக்க வேண்டுமா?

மறுமொழி 1

இல்லை, அங்கே தலைகீழாக 9/5-ஆல் பெருக்க வேண்டும். எஃகு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 6.5 பங்கு விரிகிறது. ஒரு செல்சியஸ் டிகிரி அதைவிட 1.8 மடங்கு பெரியது என்பதால், அதற்கான விரிவு 11.7 பங்கு.