ராக் லீ எடையைக் கழற்றிப் போட்ட சண்டை: உங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது எது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே நருட்டோ, டிமன் ஸ்லேயர் என்ற இரண்டு அனிமேயின் (ஜப்பான் கார்ட்டூன்) கதையும் உடைபடும். பார்க்காதவர்கள் இப்போதே கிளம்பிவிடுங்கள், அப்புறம் வந்து என்னைத் திட்டக்கூடாது.

அடிதடி அனிமே பார்க்கிற எல்லோருக்கும் ஒரு சண்டை இருக்கும். அதுவரை சோறு தின்றுகொண்டே அரைக்கண்ணால் பார்த்தவரை நிமிர்ந்து உட்காரவைத்த சண்டை. அது எது, எங்கே பார்த்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். யார் பலசாலி என்ற பட்டியல் மட்டும் வேண்டாம், அதைப் போட்டு அடித்துக்கொள்ள ஊர் பூராவும் இடம் இருக்கிறது.

என் கதை இது. பள்ளிக்கூட நாளில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் டிராகன் பால் இசட் ஓடும். நாமெக் கிரகம் இன்னும் ஐந்து நிமிடத்தில் வெடித்துவிடும் என்று வில்லன் ப்ரீசா சொல்லிவிட்டான், அந்த ஐந்து நிமிடம் பத்து எபிசோடு வாக்கில் ஓடியது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "நேத்தும் இதே இடத்துல நின்னுதானே கத்திக்கிட்டு இருந்தான், இன்னைக்கும் அதே கத்தலா, தொண்டை கட்டாதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. காரணம் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. மூலக் கதையைக் காமிக்ஸாக வரைந்த டொரியாமா வாரம் ஒரு அத்தியாயம் வரைவார், டிவியிலும் வாரம் ஒரு எபிசோடு போட்டாக வேண்டும், எபிசோடு கதையைத் தின்கிற வேகத்துக்கு மனுஷனால் வரைந்து தள்ள முடியாது. அதனால் இவர்கள் முறைப்பதும் கத்துவதும் பாறை உடைவதுமாக இழுத்தார்கள். 291 எபிசோடு அப்படித்தான் வந்தது. அந்த இழுவையை எல்லாம் வெட்டி 2009-ல் காய் என்ற பெயரில் மறுபடி வெளியிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் டொரியாமா இறந்த செய்தி வந்தபோது அம்மாவிடம் சொன்னேன், பேச்சோடு பேச்சாக ஜப்பான் மொழியில் நாயகன் கோகுவுக்குக் குரல் கொடுப்பவர் 1936-ல் பிறந்த நொசாவா மசாகோ என்ற பாட்டி என்பதையும் சொன்னேன். "அந்தக் கத்தலெல்லாம் ஒரு கிழவி கத்துனதா!" என்று அன்றைக்குத்தான் அவருக்கு கோகுமேல் ஒரு மரியாதை வந்தது.

ஆனால் என்னை நிமிர்த்தியது கோகு இல்லை. கல்லூரி விடுதியில் ஒருவனுடைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து அறை அறையாக ஊர்ந்து வந்த நருட்டோ, 48-வது எபிசோடு. ராக் லீக்கு நிஞ்சா வித்தை எதுவும் வராது, மாய வித்தையும் வராது, கையும் காலும் மட்டும்தான். எதிரே காரா, அவனைச் சுற்றி மணல், அவன் அசையவே வேண்டாம், மணல் தானாக எழுந்து தடுக்கும். லீ எவ்வளவு அடித்தாலும் மணல்தான் வாங்குகிறது. அப்போது மேலே நிற்கிற வாத்தியார் கய், அந்தக் கால் எடையைக் கழற்றிவிடு என்கிறார். லீ பெரிய கல் சிலையின் கைமேல் ஏறி நின்று காலுறையை இறக்குகிறான், உள்ளே வரிசையாக எடைக் கட்டிகள். பார்க்கிறவர்கள், இந்தச் சின்ன எடையைக் கழற்றி என்ன ஆகிவிடப்போகிறது என்கிற மாதிரி நினைக்கிறார்கள். அவன் இரண்டையும் கீழே விடுகிறான்.

தரை பிளந்து புழுதி மேலே வருகிறது.

அறையில் நாங்கள் ஆறு பேர். ஒருவன் கட்டிலில் இருந்து எழுந்தே நின்றுவிட்டான். அதுவரை நாங்கள் பார்த்த சண்டை எல்லாவற்றிலும் நாயகன் கூடுதலாக ஏதோ ஒன்றைப் பெறுவான், முடி நிறம் மாறும், ஒளி வரும். இங்கே ஒருவன் இத்தனை நாள் சுமந்ததைக் கீழே வைக்கிறான், அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் எங்கே இருக்கிறான் என்று கேமராவுக்கே தெரியவில்லை. கடைசியில் தோற்றும் போகிறான், இடது கையும் காலும் நொறுங்குகிறது, நினைவு தப்பிய பிறகும் எழுந்து சண்டைக்கு நிற்கிறான், கய் அழுகிறார். எங்களில் இரண்டு பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கொசு என்றார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான். சண்டை போடுகிறவனுக்கு எது முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் முடியும் என்றால் நான் எதற்குப் பார்க்கவேண்டும்? (ஒன் பஞ்ச் மேனை இழுக்காதீர்கள். எவனையும் ஒரே குத்தில் சாய்க்கிற அதன் நாயகன் சைதாமாவால் முடியாதது சண்டையை ரசிப்பது, முழுக் கதையும் அதுதான்.)

அதே விடுதியில் நான் பண்ணிய ஒரு முட்டாள்தனமும் இருக்கிறது. நருட்டோவின் அடுத்த தொடரான ஷிப்புடன், 167-வது எபிசோடு, நருட்டோவும் வில்லன் பெய்னும் மோதுகிறது. நடுவில் முகங்கள் ரப்பர் மாதிரி இழுபடும், கை கால் வளையும். நாங்கள் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நிறுத்தி ஒவ்வொரு கோணல் முகத்துக்கும் விழுந்து விழுந்து சிரித்தோம், காசு தீர்ந்துபோய் யாரோ சின்னப் பையனை வைத்து வரைந்துவிட்டார்கள் என்று தீர்ப்பும் சொன்னோம். அதை இயக்கியவர் வகபயாஷி அட்சுஷி, முதல் தொடரில் நருட்டோவும் சசுகேவும் மோதுகிற 133-வது எபிசோடில் நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோமே, அதையும் இயக்கிய அதே மனிதர் என்பது அப்போது தெரியாது. திரையில் நொடிக்கு 24 பிரேம் ஓடினாலும் டிவி அனிமேயில் பெரும்பாலும் 12 படமோ 8 படமோதான் புதிதாக வரைவார்கள். அந்தக் கொஞ்சப் படத்துக்குள் வேகத்தையும் கனத்தையும் காட்ட வேண்டுமானால் நடுவில் உருவத்தை இழுத்துக் கோணலாக்குவது ஒரு வழி. நிறுத்தினால் கோணல், ஓடவிட்டால் அடி. ஐந்தாறு வருடம் கழித்து ஒரு ராத்திரி நிறுத்தாமல் பார்த்தேன். எல்லாம் எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன், சில இடம் இப்போதும் குழைந்துபோன சாதம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒன்பது வால் மிருகத்தின் சக்தி ஏறிய நருட்டோ ஓடுகிற ஓட்டத்தில் இருக்கிற வெறி, சுத்தமாக வரைந்த எத்தனையோ சண்டையில் இல்லை.

கடைசியாக டிமன் ஸ்லேயர். 2025 செப்டம்பரில் அதன் இன்பினிட்டி காசில் படம் இங்கே வந்தபோது தமிழ் டப்பிங்கில் போய்ப் பார்த்தேன். அந்தக் கோட்டை தலைகீழாகச் சுழல்வதை எல்லாம் யூஃபோடேபிள் ஸ்டுடியோ செய்கிற மாதிரி இன்னொருவர் செய்ய நாளாகும், அதில் பேச்சே இல்லை. என் குறை வேறு. நாயகன் தஞ்சிரோ வாயை மூடவே மாட்டான். வாள் இறங்குவதற்குள், எதிரியின் அசைவு எப்படி, தன் மூச்சு எப்படி, எந்த எலும்பு உடைந்திருக்கிறது என்று மனசுக்குள் ஒரு கட்டுரை வாசிப்பான். கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டதை மறுபடி காதில் ஏன் ஓதவேண்டும்? பின் வரிசையில் ஒரு பொடியன், "அப்பா, வெட்டப்போறானா பேசப்போறானா?" என்று கேட்டான், தியேட்டரே சிரித்தது. ஆனால் எதிரி அகாசாவின் பழைய கதை வந்து, அவன் தன்னைத்தானே அழித்துக்கொள்கிற இடத்தில் அதே பொடியன் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சரி, உங்கள் கதைகள்.

* * *

அண்ணே, என்னுடையது ஹாஜிமே நோ இப்போ, 2000-ல் வந்த முதல் தொடர். சூப்பர் சக்தி ஒன்றும் கிடையாது, வெறும் குத்துச்சண்டை. நாயகன் பெயர் இப்போ, பள்ளியில் அடிவாங்குகிற பையன், அம்மாவோடு மீன்பிடிப் படகு வேலை செய்கிறவன். தகமுரா என்ற பாக்ஸரிடம் போய்ச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்க, அவன், விழுகிற இலை பத்தை ஒரே கையால் பிடித்துக் காட்டு, ஒரு வாரம் டைம் என்பான்.

நான் அப்போது ஒரு சின்ன பாக்ஸிங் கிளப்பில் சேர்ந்து மூன்று மாதம். வாசலில் வேப்பமரம். காலை ஐந்தரைக்கு யாரும் வருவதற்கு முன்னால் போய் மரத்தை உலுக்கிவிட்டு நின்றேன். ஜப்பான் மரத்தின் இலை அகலமாக மிதந்து வரும் போல, நம் வேப்பிலை அம்பு மாதிரி, ஆனால் சுற்றிக்கொண்டு, இங்கே வருகிறதென்று நினைத்தால் அங்கே போய்விடும். முதல் நாள் பூஜ்யம். குத்துகிற காற்றிலேயே இலை விலகி ஓடிவிடும். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, கையை நீட்டுவதில் கவனம் வைக்காமல் சட்டென்று பின்னால் இழுப்பதில் கவனம் வைத்தபோது ஒன்று மாட்டியது. அனிமேயில் இப்போ கண்டுபிடிப்பதும் அதேதான், போகிற கையைவிடத் திரும்பி வருகிற கை. அன்று மாஸ்டர் சீக்கிரம் வந்துவிட்டார். "என்னடா, கூட்ட வந்தியா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அவரும் பக்கத்தில் வந்து நின்றார். அறுபது வயதுக்காரர், முதல் உலுக்கலில் ஆறு.

என்னுடைய சாதனை இன்றுவரை நாலு.

* * *

தலைவரே, தஞ்சிரோ விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பேசினால் சண்டை கெடும் என்றால் ஹண்டர் எக்ஸ் ஹண்டர் உருப்பட்டே இருக்கக்கூடாது. மேட்ஹவுஸ் ஸ்டுடியோ 2011-ல் தொடங்கிய தொடரைச் சொல்கிறேன். எறும்பு அரசனின் அரண்மனைக்குள் நுழைகிற கட்டத்தில் சில நொடியில் நடப்பதை எபிசோடு எபிசோடாக ஒரு கதைசொல்லி விளக்கிக்கொண்டே இருப்பார், யார் படியில் இருக்கிறார், யார் மனசில் என்ன ஓடுகிறது என்று. நான் ரயிலில், அப்பர் பெர்த்தில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பார்த்தேன், இறங்கவேண்டிய ஊர் போய்விட்டது. நிஜமாக. விழுப்புரத்தில் இறங்கவேண்டியவன் செங்கல்பட்டில் இறங்கி, விடியற்காலையில் திரும்பிப் போகிற பஸ் பிடித்தேன்.

அதில் நெடேரோ என்று ஒரு கிழவர். 46 வயதில் மலையில் போய் உட்கார்ந்து, தற்காப்புக் கலைக்கு நன்றி சொல்கிறேன் என்று ஒரு நாளைக்குப் பத்தாயிரம் குத்து. ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் கும்பிடு. ஆரம்பத்தில் முடிக்கப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, முடித்ததும் அப்படியே விழுந்து தூங்குகிறார். ஐம்பது தாண்டிய பிறகு ஒரு நாள் முடித்துவிட்டு நிமிர்கிறார், சூரியன் இன்னும் இறங்கவில்லை. பின்னால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, மிச்ச நேரம் முழுக்கக் கும்பிட. இதை எல்லாம் கதைசொல்லி வாயால்தான் சொல்கிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படியென்றால் பேச்சு குற்றமில்லை. கண்ணுக்குத் தெரியாததைச் சொல்கிறாரா, தெரிந்ததையே சொல்கிறாரா, கேள்வி அதுதான்.

* * *

நான் இங்கே எழுதுவது முதல் முறை. வின்லாண்ட் சாகா பற்றி. சண்டை இல்லாத சீசனைப் பற்றி எழுதினால் விரட்டிவிடுவீர்களோ என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

2019-ல் வந்த முதல் சீசன் முழுக்க வைகிங் வெட்டுக்குத்து. இரண்டாவது 2023-ல் வந்தது, நாயகன் தோர்பின் டென்மார்க்கில் ஒரு பண்ணையில் அடிமை. காட்டை அழித்து நிலமாக்கிக் கோதுமை போட்டால் விடுதலையை விலைக்கு வாங்கலாம். என் தம்பி "இது என்ன வயலும் வாழ்வுமா?" என்று எழுந்து போய்விட்டான். நான் மட்டும் ஹாலில் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா சாப்பிட்டுவிட்டு வந்து சும்மா உட்கார்ந்தார். தோர்பினும் கூட இருக்கிற அடிமை எய்னாரும் மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையைப் பிடுங்க முடியாமல் திணறுகிற கட்டம். அப்பாவுக்கு ஜப்பானும் தெரியாது, சப்டைட்டிலும் படிக்கமாட்டார். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "ஆணிவேர் உள்ள நிக்குது, சுத்தி இன்னும் தோண்டணும், மனுஷன் இழுத்து வராது, மாடு வேணும்" என்றார். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு கிழவர் தன் குதிரையைக் கொடுத்து உதவுகிறார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

அதற்குப் பிறகு தினமும் ஒன்பதரைக்கு, "அந்தப் பண்ணையாள் என்ன ஆனான், போடு" என்பார். முடிவுக்குப் பக்கத்தில் தோர்பின் திருப்பி அடிக்காமல் நூறு குத்து வாங்குவான், ஏன் அடிக்கவில்லை என்று கேட்டால் எனக்கு எதிரிகள் இல்லை என்பான். நான் தமிழில் சொன்னேன். எங்களுக்கு வரப்புத் தகராறு ஒன்று பதினோரு வருடமாகக் கோர்ட்டில் நடக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்கு நிலம் கெடச்சுதா, அதச் சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

* * *

பதிவு போட்டவன்தான். தங்கச்சி, விரட்டுவதா? இரண்டாவது சீசனை நாலாவது எபிசோடோடு மூடிவைத்த ஆசாமி நான், உன் தம்பி கட்சி. இன்று ராத்திரி ஐந்தாவதில் இருந்து ஆரம்பிக்கிறேன், கூட உட்காரச் சொல்லி அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன், யாரும் கத்தமாட்டார்கள் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தபிறகு சரி என்றார்.

செங்கல்பட்டுக்காரரே, கண்ணுக்குத் தெரியாதது தெரிந்தது என்று நீங்கள் பிரித்தது எனக்குத் தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தஞ்சிரோ மட்டும் இன்னும் கொஞ்சம் குறைத்துப் பேசலாம்.

அந்த வேப்பமரத் தம்பி எங்கே போனான்? ஐந்தாவது இலை கிடைத்ததா?