பதில்: ரிடாக்ஷனுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்? (குத்தகை பேப்பர்ல ஐசி நம்பர் விஷயம்)

எல்லாருக்கும் வணக்கம். புதுசா வர்றவங்களுக்கு: வெளிய குடுக்குற ஆவணத்துல ஐசி (மலேசிய அடையாள அட்டை) நம்பர் மாதிரி தனிப்பட்ட விவரத்தை மட்டும் எடுக்குறதுதான் ரிடாக்ஷன், அதுக்கு ஒரு தமிழ்ச் சொல்லு தேடுறோம், ஆளுக்கு ஒன்னு சொல்லியிருக்காங்க.

மூணு நாளா இந்த இழையை படிச்சிக்கிட்டுதான் இருக்கேன், கடையில கூட்டம், பதில் போட நேரம் கிடைக்கல. இன்னிக்கு நம்ம பேராக் சுங்கை சிப்புட்ல காலையில இருந்து மழை, ஆளுங்க எல்லாம் அஞ்சடியில (கடை முன்னாடி நடைபாதையில) ஒதுங்கி நிக்கிறாங்க, யாரும் போட்டோஸ்டாட் எடுக்க உள்ள வரல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கணும்.

> ஈப்போ டீச்சர் எழுதியது: "மறைப்பு" போதுமே. சின்னச் சொல், எல்லாருக்கும் புரியும்.

டீச்சர், புரியும், அதுதான் எனக்கு பயம். நம்ம பேச்சுல மறைக்கிறதுன்னா மூடி மறைக்கிறது. "குத்தகை ஆவணத்தில் மறைப்பு"ன்னு நாளைக்கு பத்திரிகையில தலைப்பு வந்தா எவனோ காசு சாப்பிட்டுட்டான்னுதான் கோப்பிக் கடையில பேசுவாங்க, ஒரு கால்வா ரிப்பேர் பண்ற ஆளோட ஐசி நம்பரை காப்பாத்தத்தான் அதை எடுத்தாங்கன்னு யாருக்கும் தோணாது. இது அரசாங்க காசு. யாருக்கு குடுத்தாங்க, எவ்வளவுக்கு குடுத்தாங்கன்னு ஜனங்க கேட்டே ஆகணும், அந்த ரெண்டையும் மறைச்சா திருட்டுத்தனம், ஐசி நம்பரை எடுத்தா அது மரியாதை. ரெண்டுக்கும் ஒரே சொல்லு வச்சா எப்படி டீச்சர்?

(தமிழ்நாட்டு ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை, நான் குத்தகைன்னு எழுதுறது காண்ட்ராக்ட். நிலத்தை குத்தகைக்கு விடுறது இல்ல. இங்க பத்திரிகையிலயே குத்தகை, குத்தகையாளர்னுதான் வரும்.)

நான் ஏன் இதுல தலையை விடுறேன்னா, என் கடைக்கு வர்றதுல பாதி பேர் சின்ன குத்தகைக்காரங்க. சிஐடிபி, அதாவது கட்டுமானத் தொழில் வாரியத்து பதிவுல ஜி1, அதுதான் அடிமட்டம், சின்ன வேலைங்க மட்டும்தான் எடுக்கலாம். இவங்களுக்கு ஆபீஸ்னு தனியா ஒன்னும் கிடையாது. கம்பெனி அட்ரஸ்னு எழுதுறது வீட்டு அட்ரஸ், கம்பெனி போன்னு எழுதுறது பொண்டாட்டி கையில இருக்குற போன். டெண்டர் பாரத்தோட ஐசி காப்பி, மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் சேர்த்து கட்டி குடுக்கணும், அந்த ஸ்டேட்மென்ட்ல மகளோட டியூஷன் காசு போனது வரைக்கும் இருக்கும். பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் கம்பெனி விவரம், இவருக்கு குடும்ப விவரம். நம்ம குழுவுல நிறுவனத் தகவல் ஒரு பக்கம் தனிநபர் தகவல் ஒரு பக்கம்னு கோடு கிழிச்சாங்களே, அந்த கோடு இவர் வீட்டு நடு ஹால்ல போகுது.

அடுத்தது, போன வருஷம் நடந்தது. ஒரு அலுவலகம், எதுன்னு வேணாம், வேலை கெடைச்சவங்க பட்டியலை பிடிஎஃப்பா வலைத்தளத்துல போட்டாங்க. ஐசி நம்பர் மேல எல்லாம் கறுப்பு கட்டம், பாக்க அழகாத்தான் இருந்துச்சு. நம்ம ஆளு ஒருத்தர் என் பேரு வந்திருக்கு பிரிண்ட் போட்டு குடு தம்பின்னு வந்தார், நான் அவரு வரியை மட்டும் எடுக்கலாம்னு மவுஸை இழுத்து காப்பி பண்ணி வோர்ட்ல ஒட்டினேன், பன்னெண்டு இலக்கமும் வந்து விழுந்துச்சு. அவருக்கு கீழ இருந்தவரோடதும். அதுக்கு கீழ இருந்தவரோடதும். அவர் என்னை பாத்தார், நான் ஸ்கிரீனை பாத்தேன். சேவ் பண்ணாம மூடிட்டு அங்க போன் போட்டு சொன்னேன், "அதான் கறுப்பு போட்டிருக்கோமே"ன்னு பதில். ரெண்டு வாரம் கழிச்சுத்தான் எடுத்தாங்க.

அதனாலதான் கெடா அண்ணன் சொன்ன "கறுப்பிடல்", "மைப்பூச்சு" ரெண்டும் எனக்கு ஒத்துவரல. கறுப்பு பூசினா வேலை முடிஞ்சதுன்னு அந்த சொல்லே அந்த ஆபீஸ் ஆளுக்கு பாடம் நடத்துது. கம்ப்யூட்டர்ல கட்டம் வேற எழுத்து வேற அண்ணே, கட்டம் மேல உக்காந்திருக்கும், எழுத்து கீழ சொகமா படுத்திருக்கும்.

சரி, கடைசி நாலு இலக்கத்தை எடுத்தா போதுமேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கணக்கு பாருங்க. நம்ம ஐசியில 12 இலக்கம். முதல் 6 பொறந்த தேதி, அடுத்த 2 பொறந்த இடம், பேராக்னா 08, சிலாங்கூர்னா 10. கடைசி இலக்கம் ஒத்தையா இருந்தா ஆம்பள, ரெட்டையா இருந்தா பொம்பள. நாலை எடுத்துட்டா மிச்சம் 10,000 வாய்ப்பு. ஆனா பக்கத்துலயே பேரு இருக்கே, நம்ம பேருல ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருக்கே! அதை வச்சே ஆணா பொண்ணான்னு தெரிஞ்சு போச்சு, 10,000 பாதியாகி 5,000. மலாய்க்காரங்க பேருல பின், பின்தி போட்டாலும் அதே கதைதான். இதுல பொறந்த தேதியும் மாநிலமும் அப்பா பேரும் வேற இலவசம்.

என் பாட்டி சின்ன வயசுல இருந்து தோட்டத்துல பால் மரம் (ரப்பர் மரம்) சீவி பால் எடுத்தவங்க, அதைத்தான் மரம் வெட்டுறதுன்னு சொல்லுவோம். விடியக்காலை பெரட்டுல (ஆள் கணக்கெடுக்குற இடத்துல) கிராணி, அதாவது தோட்டத்து கிளார்க், பேர் கூப்பிட மாட்டாராம், செக்ரோல் (வருகைப் பதிவு) நம்பர்தான். வெளியில இருந்து வந்தவனுக்கு 37ன்னா ஒன்னும் வெளங்காது, லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்கள்ல) சின்ன புள்ளைக்கு கூட 37 யாரு, அவங்க வீட்ல எத்தனை கோழின்னு தெரியும். பேரை எடுத்துட்டு நம்பர் போடுறதையும் ரிடாக்ஷனையும் ரெண்டு பேர் ஒன்னா சேர்த்து எழுதியிருக்கீங்க, அது வேற. டெண்டர் பெட்டி திறந்ததும் பேரு இல்லாம 1/9, 2/9ன்னு கோடு போட்டு விலையை மட்டும் ஒட்டுவாங்களே, அதுவும் இந்த வகைதான். அதுக்கு "மாற்றுக்குறி"ன்னு தனியா வச்சிக்கலாம், இப்ப அதுக்குள்ள போக வேணாம்.

மத்த பரிந்துரைங்க, சுருக்கமா. "நீக்கம்" டெலிட்டுக்கு போயிடுச்சு, எடுத்த தடமே இல்லாம எடுத்தாலும் அது நீக்கம்தான், நமக்கு தடம் தெரியணும். "தணிக்கை" தமிழ்நாட்டுல சினிமாவுக்கும் அதுதான் கணக்குக்கும் அதுதான், அங்க போய் தணிக்கை செய்த ஒப்பந்தம்னா ஆடிட் முடிஞ்சதுன்னு கையெழுத்து போட்டுருவாங்க, நாம கணக்காய்வுன்னு சொல்றதால தப்பிச்சோம். "காப்புநீக்கம்" சொன்னவர் காக்குறதுக்காக நீக்குறதுன்னு நெனைச்சிருக்கார், படிக்கிறவன் காப்பையே நீக்குறதுன்னு படிப்பான். "மறையாக்கம்" என்கிரிப்ஷனுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. "மறைவிடம்" சொன்ன தம்பி, நீங்க இன்னும் படிக்கிற பையன்னு நெனைக்கிறேன், வீட்ல பெரியவங்ககிட்ட அர்த்தம் கேட்டுட்டு வாங்க.

சட்டத்துல இருக்குற சொல்லையே எடுக்கலாமேன்னும் கேட்டாங்க. எந்த சட்டம்? நம்ம நாட்டு தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் 2010ல போட்டு 2013 நவம்பர்ல அமலுக்கு வந்தது, அது வியாபார விவகாரத்துக்குத்தான், கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கத்துக்கும் செல்லாதுன்னு 3வது பிரிவுலயே எழுதியிருக்கு, 2024 திருத்தத்துலயும் அதுல கை வைக்கல. இன்னொரு பக்கம் ஃபைல் மேல "சுலிட்"னு (மலாய்ல ரகசியம்) முத்திரை குத்துறாங்க, அது 1972 அரசாங்க ரகசிய சட்டத்து சமாச்சாரம், ஃபைலையே பூட்டுறது. நமக்கு வேண்டியது ஃபைலை திறந்து வச்சிட்டு ஒரே ஒரு வரியை மட்டும் எடுக்குறது. சிலாங்கூர்ல 2011 தகவல் சுதந்திர சட்டம் இருக்கு, பினாங்குலயும் ஒன்னு இருக்கு, அங்கெல்லாம் மனு போட்டு குத்தகை ஃபைல் கேக்குறவனுக்கு குடுக்குற நகலை நாம தமிழ்ல என்னன்னு கூப்பிடுறது?

என் சொல்: வெட்டிக்குறித்தல். வெட்டுன்னா நெசமாவே எடுத்தாச்சு, கீழ ஒன்னும் படுத்துக் கிடக்கல. குறின்னா இந்த இடத்துல எடுத்திருக்கு, இன்ன காரணத்துக்குன்னு அடையாளம். அந்த இடத்துல நிக்கிறது வெட்டுக்குறி. வெளிய குடுக்குறது வெட்டிக்குறித்த நகல், உள்ள இருக்குறது மூலம். பால் மரம் வெட்டினா பட்டை சீவி போயிடும், வெட்டுன கோடு மரத்துல நிக்கும், பழகுன ஆளு அதைப் பாத்தே யார் கை வெட்டுனதுன்னு சொல்லுவார். பாட்டி நெனைப்புல வந்த சொல்லுதான், ஒத்துக்கிறேன்.

போட்டோஸ்டாட் கடைக்காரன், சுங்கை சிப்புட்

— — —

கிள்ளான் அண்ணன் எழுதியது:

தம்பி, சொல்லு பிடிச்சிருக்கு, ஆனா "வெட்டி"ன்னு ஆரம்பிச்சா வெட்டியா குறிச்சதுன்னு படிப்பானுங்க லா, நம்ம பசங்க வாய் சும்மா இருக்காது. வெட்டுக்குறி போதும். வினைக்கு வெட்டுக்குறியிடு. வெட்டுக்குறியிட்ட நகல். சொல்லிப் பாத்தேன், வாயில நிக்குது.

— — —

யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது:

எங்களுக்கும் குத்தகை எண்டா நிலம்தான் தம்பி, டெண்டர் எண்டா கேள்விப்பத்திரம். வெட்டுக்குறி எண்டவுடன எனக்கு பள்ளிக்கூடத்துக் கொப்பியில ரீச்சர் பிழை எண்டு வெட்டுறதுதான் ஞாபகம் வருது. அந்த மனிசன்ர ஐசி இலக்கம் பிழை இல்லைத்தானே? காரணம் எழுதவேணும் எண்டது நல்ல விசயம், வெறும் கட்டம் காணாது.

— — —

சிங்கப்பூர் நண்பர் எழுதியது:

இங்க 2024 டிசம்பர்ல நிறுவனப் பதிவேட்டு தளம் புதுசா வந்தப்ப பேரைத் தேடினா முழு ஐசி நம்பரும் தெரிஞ்சுது, பெரிய சத்தம் ஆச்சு, சில நாள்ல தேடலை நிறுத்தினாங்க. சொல்ல வந்தது என்னன்னா, சில இலக்கத்துக்கு மேல நட்சத்திரம் போடுற மாஸ்கிங்கும் ரிடாக்ஷனும் வேற. "மறைப்பு" அதுக்கு இருக்கட்டும், டீச்சரும் கோவிச்சிக்க மாட்டாங்க.

— — —

மறுபடியும் நான்தான்.

சிங்கப்பூர் நண்பர் சொன்னபடி மாஸ்கிங்குக்கு மறைப்பு, சரி. அண்ணன் சொன்ன வெட்டுக்குறியிடல், அதுவும் சரி, "வெட்டி"யை எடுத்தாச்சு. அக்கா கேட்டதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல, ஆனா பத்திரத்துல அடித்தல் திருத்தல் இருந்தா பக்கத்துல ஒரு சின்ன கையெழுத்து போடுறோமே, அந்த மாதிரி குறிக்குள்ளயே "தனிநபர் எண்", "வீட்டு முகவரி"ன்னு என்ன எடுத்தோம்னு எழுதிட்டா பிழைன்னு யாரும் படிக்க மாட்டாங்கன்னு தோணுது. இதை விட நல்லது வந்தா மாத்திக்கலாம்.

இதை எழுதிக்கிட்டு இருக்கப்பவே அந்த பிடிஎஃப் ஆளு உள்ள வந்தார், புதுசா ஒரு டெண்டர், ஐசி காப்பி வேணும்னு. காப்பி எடுத்து, வழக்கம் போல குறுக்க ரெண்டு கோடு போட்டு நடுவுல இந்த டெண்டருக்கு மட்டும்னு எழுதி குடுத்தேன், இதுக்கு என்ன பேரு சொல்லுவீங்கன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் யோசிச்சார். "கோடு போட்ட காப்பின்னு சொல்லுவோம், வேற என்னா? கோடு நம்பர் மேல படாம போடு தம்பி, போன தடவை நம்பர் தெரியலைன்னு திருப்பி விட்டுட்டான்."