ட்ரவுட்டுக்கு நீளமான ஃப்ளை ராட்: வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஸ்டேட் காலேஜ், பென்சில்வேனியா

நானே ஆரம்பிக்கிறேன். ஃப்ளை ராட் என்றால் செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கிற தூண்டில் கம்பு. பத்தரை அடி, 3 வெயிட் (வெயிட் என்பது ராட்டுக்கு ஏற்ற லைனின் கனத்தைச் சொல்லும் எண், எண் கூடினால் கனமும் கூடும்) ராட் வாங்கி ஒரு சீசன் ஓடிவிட்டது. அதற்கு முன்னால் எல்லோரையும் போல ஒன்பது அடி, 5 வெயிட்தான். முதல் ராட் கேட்டால் எந்தக் கடையிலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அதில் தப்பும் இல்லை.

எங்கள் ஊர் ஸ்பிரிங் க்ரீக்கில் ஓடுவது சுண்ணாம்புப் பாறை ஊற்றுத் தண்ணீர். கோடையிலும் சில்லென்று இருக்கும். ப்ரௌன் ட்ரவுட் தானாகவே பெருகுகிறது. வண்டலில் ரசாயனக் கழிவு கலந்துவிட்டதால் 1980-களிலிருந்து பிடித்த மீனை எடுத்துப்போகக் கூடாது, திரும்ப விட்டுவிட வேண்டும். அதனால் கொஞ்சம் வளர்ந்த மீன் எல்லாமே ஏற்கெனவே முள் குத்து வாங்கிய மீன். எதையும் லேசில் நம்பாது. பெல்ஃபான்ட் பக்கம் ‘ஃபிஷர்மன்ஸ் பாரடைஸ்’ என்று ஒரு பகுதி, 1934-லிருந்து பேர்போன இடம். அங்கே தண்ணீரில் காலே வைக்கக் கூடாது, கரையில் நின்றுதான் பிடிக்க வேண்டும்.

ராட்டின் நீளம் எனக்குப் புரிந்தது அங்கேதான். நம் பக்கத்துக் கரையில் தண்ணீர் மெதுவாகப் போகும், நடுவில் வேகம், எதிர்க்கரை ஓரத்தில் மறுபடி மெதுவு. மீன் நிற்பது அந்த எதிர் ஓரத்தில். ஒன்பது அடி ராட்டால் அங்கே பூச்சியைப் போடுவது பெரிய விஷயமே இல்லை. ஆனால் லைன் நடுவேகத்தில் விழுந்த உடனே வில்லாக வளைந்து பூச்சியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடும். நிஜப் பூச்சி அப்படிப் போகாது என்று ட்ரவுட்டுக்குத் தெரியும். லைனைத் தூக்கி மேல்பக்கம் மடித்துப் போட்டால் இரண்டு மூன்று நொடி தாங்கும், அவ்வளவுதான்.

பத்தரை அடி ராட்டைக் கையை நீட்டி உயர்த்திப் பிடித்தால் நடுவேகத்துக்கு மேலாகவே லீடர், அதாவது லைன் முனையில் கட்டுகிற மெல்லிய நரம்பு, அந்தரத்தில் தாண்டிப் போகிறது. தண்ணீரைத் தொடுவது அதன் கடைசியில் பூச்சியைக் கட்டுகிற டிப்பெட் நரம்பு மட்டும். நீளமாக இருந்தால் தூரமாக வீசலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். தூரத்துக்கு ஒன்பது அடி தாராளம், வீசச் சுகமும் அதுதான். நீளத்துக்கு வேலை வருவது வீசி முடித்த பிறகு.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். சல்ஃபர் என்கிற மஞ்சள் நிறப் பூச்சிகள் மேலே கிளம்ப இன்னும் நேரம் இருந்தது, மீனெல்லாம் அடியில். டங்ஸ்டன் மணி வைத்த ஃபெசன்ட் டெய்ல் நிம்ப் ஒன்றை விட்டேன், நிம்ப் என்பது தண்ணீருக்கடியில் இருக்கும் இளம்பூச்சி மாதிரி கட்டியது. லீடரில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆரஞ்சும் பச்சையுமாக ஒரு முழத்துக்கு நரம்பு சேர்த்திருக்கும், சைட்டர் என்பார்கள். நம் தக்கைக்குப் பதில் அதுதான். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே சாய்வாக ஓட்டத்தோடு வந்துகொண்டிருந்தது, பொசுக்கென்று நின்றது. வெட்டி இழுக்கவில்லை, துடிக்கவில்லை, வெறுமனே நின்றது. மணிக்கட்டை லேசாகத் தூக்கினேன், பளு தெரிந்தது. பழைய ராட்டில் இந்த நிற்றல் எனக்குத் தெரிந்ததே இல்லை, லைனின் தொய்வு அதை விழுங்கிவிடும்.

நுனி மென்மையாக இருப்பதால் 6எக்ஸ் என்கிற ரொம்ப மெல்லிய நரம்பும் அறுவதில்லை. குறையும் சொல்கிறேன். காற்று அடித்தால் இந்த மெல்லிய லீடர் சொன்ன இடத்துக்குப் போகாது. மீன் மாட்டிய பிறகு நெம்புகோல் கணக்கு மீனுக்குச் சாதகம், ராட் நீள நீள நம் மணிக்கட்டில்தான் பாரம் ஏறும். ராட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, அடிப்பகுதியால் இழுக்கப் பழகினால்தான் மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவர முடியும். நீளத்துக்கு உச்சவரம்பும் உண்டு: சர்வதேசப் போட்டி விதியில் 366 சென்டிமீட்டர், அதாவது பன்னிரண்டு அடி.

கோயம்புத்தூர்

அண்ணா, நான் லீவு கிடைக்கும்போதெல்லாம் ஹிமாச்சல் தீர்த்தன் ஆற்றுக்கு ஓடுகிறவன். அங்கே ப்ரௌன் ட்ரவுட். வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்டது, ஆற்றோடு ஆறாகிவிட்டது. மீன்வளத் துறை லைசென்ஸ் வாங்க வேண்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி முடிய இனப்பெருக்கக் காலம் என்பதால் தடை.

உங்கள் க்ரீக் மாதிரி சமமாக ஓடுகிற தண்ணீர் இல்லை இது. பாறை, நுரை, பாறைக்குப் பின்னால் அண்டா அளவுக்கு ஒரு அமைதியான குழி. அந்தக் குழியில்தான் மீன். சுற்றி நாலு பக்கமும் தண்ணீர் பாய்வதால் லைன் கீழே பட்டால் பூச்சி அங்கே ஒரு நொடிகூடத் தங்காது. பத்து அடி, 4 வெயிட் வைத்திருக்கிறேன். ஒரு பாறைக்குப் பின்னால் குனிந்து நின்று அடுத்த பாறையின் குழிக்குள் நிம்பை இறக்கி, ராட் நுனியை அதற்கு நேர் மேலே வைத்துக்கொள்வேன். வீசுகிற வேலையே கிடையாது, ராட் நீளமும் அதே அளவு நரம்பும் போதும். ஒன்பது அடியோடு போனபோது இதற்கு இன்னும் ஒரு பாறை முன்னால் போக வேண்டியிருந்தது. அந்த வழுக்கலில் ஒரு பாறை என்பது பெரிய விஷயம், மீனும் நிழலைப் பார்த்துவிடும்.

ஒரே தொல்லை பயணம். நாலு துண்டாகக் கழற்றினாலும் பத்து அடி ராட்டின் குழாய் இரண்டரை அடிக்கு மேல். ஔட்டில் இறங்கி குஷைனி போகிற பஸ்ஸில் ஏறினால் அதை நிறுத்தி வைக்க இடம் இருக்காது. ‘இது என்ன, துப்பாக்கியா?’ என்று கேட்காத பயணி இல்லை.

நாக்ஸ்வில், டென்னசி

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். ஸ்மோக்கி மலையின் சின்ன ஓடைகளுக்குப் பத்து அடி ராட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பாருங்கள். இரண்டு கரையிலும் ரோடோடெண்ட்ரான் புதர் வளர்ந்து தலைக்கு மேலே கூரையாக மூடியிருக்கும். பின்னால் வீச இடமில்லை, மேலே தூக்கவும் இடமில்லை. மீன் கடித்ததும் ராட்டை உயர்த்தினீர்களோ, நுனி கிளைக்குள் போய்ச் சிக்கும்.

உயரமான ஓடைகளில் இருப்பது ப்ரூக் ட்ரவுட், இந்த மலையின் சொந்த மீன். கையளவுதான் இருக்கும். அதற்கு ஏழரை அடி, 3 வெயிட் போதும். பூச்சியை இடது கையில் கிள்ளிப் பிடித்து, ராட்டை வில்லாக வளைத்து, விட்டுவிட வேண்டும். அம்பு மாதிரி புதருக்கடியில் போய் விழும். நீள ராட்டிலும் இதைச் செய்யலாம், ஆனால் நுனி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதிலேயே கண் போய்விடும்.

கீழே அகலமான ஆற்றுக்கு வந்தால் நானே பத்து அடி எடுப்பேன், அதை மறைக்கவில்லை. காட்டுக்குள் நடக்கும்போது ராட்டின் அடிப்பகுதி முன்னால், நுனி பின்னால் இருக்கட்டும். நுனியை முன்னால் நீட்டி நடந்தால் முதல் மரத்திலேயே ஒடியும்.

லெஸ்டர், இங்கிலாந்து

இங்கே ஆறு என்பதைவிட ஏரி அதிகம். ரட்லண்ட் வாட்டரில் படகை அகலவாக்கில் காற்றில் மிதக்கவிட்டு, இரண்டு பேர் உட்கார்ந்தபடியே முன்னால் வீசுவோம். உட்கார்ந்து வீசும்போது ஒன்பது அடி ராட்டில் லைன் பக்கத்தில் இருப்பவர் தொப்பிக்கு ரொம்பக் கிட்டே போகும். பத்து அடி, 7 வெயிட்டில் அந்தப் பயம் குறைவு.

அதைவிட முக்கியம் கடைசி ஐந்தாறு அடி. லீடரில் மூன்று பூச்சி கட்டியிருப்போம். லைனை இழுத்து முடிக்கும் நேரத்தில் ராட்டை மெதுவாக மேலே தூக்கினால் மேல் பூச்சி மட்டும் தண்ணீர்ப் பரப்பில் சிலிர்த்துக்கொண்டு நடக்கும். பின்தொடர்ந்து வந்த ரெயின்போ ட்ரவுட் அப்போதுதான் பாய்ந்து எடுக்கும். ராட் நீளமாக இருந்தால் அந்த நடை இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும். பென்சில்வேனியா நண்பர் சொன்னது ஏரிக்கும் பொருந்துகிறது. ஆனால் அவருடைய 3 வெயிட்டை இங்கே கொண்டுவந்தால் காற்று சிரிக்கும்.

சார்லட், வட கரோலினா

இதுவரை ஒன்பது அடி மட்டும்தான். ஒரே ஒரு ராட் வாங்க காசு இருக்கிறது. நிம்பும் வேண்டும், மேலே மிதக்கும் ட்ரை ஃப்ளையும் வேண்டும். எதை எடுப்பது?

ஸ்டேட் காலேஜ், பென்சில்வேனியா

சார்லட் நண்பருக்கு: இரண்டும் வேண்டும் என்றால் என் பத்தரை அடி வேண்டாம். அதன் நுனி ரொம்ப இளக்கம். சாதாரண லைன் போட்டு ட்ரை ஃப்ளை வீசினால் லைன் சோம்பலாக விரியும், முப்பது அடி தாண்டினால் எரிச்சல் வரும். பத்து அடி, 4 வெயிட் எடுங்கள். தீர்த்தன் தம்பி வைத்திருப்பதும் அதுதான்.

வாங்கும் முன் செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். இருக்கிற ஒன்பது அடி ராட்டிலேயே இருபது அடிக்குத் தங்கூஸ் நரம்பில் லீடர் கட்டி, சைட்டர் வைத்து, கிட்டத்தில் நிம்ப் போட்டுப் பாருங்கள். நுனி இன்னும் ஒரு அடி தள்ளி இருந்திருக்கலாமே என்று கை தானாகத் தவித்தால் வாங்குங்கள். தவிக்கவில்லை என்றால் உங்கள் ஓடைக்கு அது தேவையில்லை.

கடையில் வெறும் ராட்டை ஆட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், லேசாகத்தான் தெரியும். உங்கள் ரீலை லைனோடு மாட்டி, நரம்பை வளையங்களில் கோத்து, கையை நீட்டி ஐந்து நிமிஷம் அப்படியே பிடித்து நில்லுங்கள். நுனி கீழே இழுத்தால் தோள் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். ரீல் கைப்பிடியின் கடைசி முனையை ஒட்டி உட்காருகிற மாடல் கிடைத்தால் நல்லது. கொஞ்சம் கனமான ரீலும் போடலாம். நீள ராட்டுக்கு லேசான ரீல்தான் பொருத்தம் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு, கனமானதையும் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.