ஃபாலோ இல்லாத ரெட்

குழு: வண்ணாரப்பேட்டை வீடு

ஞாயிறு

அத்தை, காலை 9.12: பாப்பா கேரம் ஆடினது டிவியில் வந்ததே, மாமா பென் டிரைவில் பிடித்து வைத்திருக்கிறார். போனில் போட்டால் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா.

மாமா, 9.15: ஃபைல் பெயர் டிஎஸ் என்று முடிந்தது மாப்ளே. எம்பி4 என்று மாற்றிப் பார்த்தேன். அப்பவும் ஊமைதான்.

நான், 9.21: டால்டா டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் ஆச்சா மாமா? படம் பதிவான முறை ஹெச்264, அது போனுக்கு ஒத்துப்போகிறது. சத்தம் பதிவான முறை ஏசி3, பல போன்களுக்கு அது புரியாது. படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் ஏஏசி ஆக்கி எம்பி4-க்குள் போட்டால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்கிற மென்பொருளில் சில நிமிட வேலை.

சித்தப்பா, 9.24: சில நிமிடமா? நான் ஒரு மேட்சை மாற்ற ராத்திரி முழுக்க லேப்டாப்பை ஓட விட்டேன். விடியற்காலை கரண்ட் போய் எல்லாம் போச்சு.

நான், 9.26: நீங்கள் படத்தையே திரும்ப என்கோட் பண்ணியிருப்பீர்கள் சித்தப்பா, அதாவது ஒவ்வொரு படத்தையும் புதிதாகச் சுருக்கியிருப்பீர்கள். அதற்குத்தான் அவ்வளவு நேரம். தரமும் கொஞ்சம் குறையும்.

மாமா, 9.27: பென் டிரைவைப் பாப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். விளம்பரத்தையும் எடுத்துவிடு.

நான், 12.40: பாப்பா வருகிற இடத்தை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறேன். லாஸ்லெஸ்கட் என்கிற வெட்டும் மென்பொருளில் கீஃப்ரேம், அதாவது முழுசாகப் பதிவான படம், இருக்கிற இடத்தில்தான் சுத்தமாக வெட்ட முடியும். அதனால் தொடக்கத்தில் ஒரு நொடி சோப்பு விளம்பரம் ஒட்டிக்கொண்டிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, 12.58: டேய், ரெட் உள்ளே போச்சு. ஃபாலோ எங்கே?

அத்தை, 12.59: போட்டாள் அண்ணா! நான் பார்த்தேனே!

பெரியப்பா, 1.01: இதில் இல்லையே. ரெட் விழுந்த கையோடு தன் காய் ஒன்றையும் போட்டால்தானே ஃபாலோ? அது இல்லாத ரெட்டை எவன் கணக்கில் எடுப்பான்? அந்தக் காலத்தில் எங்கள் கிளப்பில் எடுத்து நடுவில் வைத்துவிடுவோம்.

நான், 1.20: பெரியப்பா சொல்வது சரிதான், தப்பு என்னுடையது. பென் டிரைவின் ஃபார்மட் ஃபேட்32. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. பதிவு செய்த செட்டாப் பாக்ஸ் சரியாக ரெட் விழுந்ததும் முதல் ஃபைலை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்திருக்கிறது. இரண்டாவது ஒன்று இருப்பதை நான் பார்க்கவே இல்லை.

சித்தப்பா, 1.22: ஒட்டினால் அந்த இடத்தில் குதிக்காதா?

நான், 1.26: டிஎஸ் என்பது 188 பைட் பொட்டலங்களின் வரிசை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் வண்டி மாதிரி, பின்னால் இன்னும் நாலு பெட்டியைக் கோர்த்தாலும் ஓடும். விண்டோஸின் காப்பி கட்டளையில் சாய்கோடு பி போட்டு இரண்டையும் சேர்த்தேன். முதலில் பென் டிரைவிலேயே சேர்க்கப் போய், அதே 4 ஜிபி தொல்லையில் பாதியில் நின்றது. அப்புறம் கம்ப்யூட்டரின் டி டிரைவில் வைத்துச் செய்தேன்.

சித்தப்பா, 1.30: அப்படியே என் பாக்ஸில் இருக்கிற பழைய ரெக்கார்டிங்கையும் எடுத்துக் கொடேன்.

நான், 1.31: உங்களுடையது சந்தா பாக்ஸ். பூட்டிப் பதிவு செய்யும், அந்தப் பாக்ஸில்தான் ஓடும். மாமாவுடையது சந்தா இல்லாத டிஷ், அதனால்தான் கம்ப்யூட்டரில் திறந்தது.

பாப்பா, 2.05: ஸ்ட்ரைக்கர் அடிக்கும்போது என் விரல் சீப்பு மாதிரி தெரியுது.

நான், 2.09: ஒளிபரப்பு 1080ஐ. நொடிக்கு 25 படம். ஒவ்வொன்றும் ஐம்பதில் ஒரு நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு பாதி, கோடு விட்டுக் கோடு. நீ அடிக்கிற வேகத்தில் அந்த இடைவெளிக்குள் விரல் நகர்ந்துவிடுகிறது, இரண்டு பாதியும் ஒட்டுவதில்லை. இதற்கு மட்டும் என்கோட் பண்ணித்தான் ஆக வேண்டும். ஹேண்ட்பிரேக் என்கிற மென்பொருளில், பாதிகளைச் சரிசெய்கிற டிஇன்டர்லேஸை பாப் என்று வைத்து, ஒவ்வொரு பாதியையும் தனிப் படமாக்கி நொடிக்கு 50 படமாக்குகிறேன். 11 நிமிடம்தானே.

நான், 3.10: முடிந்தது. 660 எம்பி இருந்தது 210 ஆகியிருக்கிறது. டாக்குமென்டாக அனுப்புகிறேன். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் நசுக்கிவிடும். மாமா, பென் டிரைவில் இருக்கிற ஒரிஜினலை அழிக்காதீர்கள்.

பெரியப்பா, 3.24: ம். ஃபாலோ விழுந்தது. அதுவும் பின்கட்டிங் அடி. இப்போ ஒத்துக்கொள்கிறேன்.

அத்தை, 3.31: எவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது! பாப்பா, நகத்தில் பாதி உரிந்த பாலிஷோடவா டிவிக்குப் போனே?

பாப்பா, 3.32: அம்மா, இது குரூப்.